தாடகை மலையும் நம் டிராயிங் சாரும்

அன்புள்ள மக்கா,

சுகம்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் நலம். புரட்டாசியில் கல்யாணம் இல்லாததால் கடையில் ஃப்ளெக்ஸ் வேலை குறைவு. அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

நான் மறுபடி படம் வரைகிறேன். இதை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஆவணியில் நம் டிராயிங் சாரைப் பார்க்கப் போனேன். கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறார். கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுக்கச் சொன்னார். உள்ளே இருந்த படங்கள் எல்லாம் ஒரே இடம்தான். தேரூர் குளத்தங்கரையிலிருந்து தெரிகிற வயலும், தூரத்தில் தாடகை மலையும். கன்னிப்பூ பருவ நெல் அறுப்பு, கும்பப்பூ பருவ நடவு, ஆனிச் சாரல் என்று வருஷக்கணக்காக அதையே வரைந்திருக்கிறார். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் மணியும் காற்றும்: ‘காலை 7, கச்சான்.’ சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் வந்தபோது நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம். சார் அதற்கெல்லாம் எத்தனையோ வருஷம் முன்பே அந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு படத்தை மட்டும் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். தாடகை படுத்திருக்கிற மாதிரி நெற்றி, மூக்கு, மார்பு என்று முழுக்கோட்டையும் இழுத்துத்தானே நாம் வரைவோம்? இதில் மூக்கு மட்டும்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் மேகம். அந்த மேகத்துக்குப் பெயிண்டே இல்லை மக்கா, வெறும் தாள். ஈரத்தாளில் மலையின் சாயத்தை இறக்கி, அது ஊறிப் பரவி நின்ற இடத்தில் அப்படியே விட்டிருக்கிறார். சாம்பலுக்கும் கறுப்பு டியூபைத் தொடவில்லை. அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்ததுதான். ஸ்கூலில் நமக்குச் சொல்லித் தந்த அதே கலவை.

கடைசியாக வரைந்தவற்றில் மலை அளவுக்கு மீறி நீலம். புரை முற்றி நீலமே மங்கித் தெரிந்ததாம், அதனால் கூடக் கூடப் போட்டிருக்கிறார். “இப்போதான் சரியாத் தெரியுது, திரும்பப் போய்ப் பாக்கணும்” என்றார். அந்தக் குரலைக் கேட்டபிறகு என்னால் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை.

பழைய தாளை எடுத்துப் பார்த்தால் ஈரம் ஏறிக் கெட்டிருந்தது, சாயம் திட்டுத்திட்டாக இறங்கியது. இருந்தும் நாலு படம் வரைந்துவிட்டேன். மூன்று தேறவில்லை. ஒன்றில், நாற்று நட்ட வயலில் தேங்கிய தண்ணீர் மட்டும் சரியாக வந்திருக்கிறது. அதைச் சார் வாங்கி ஜன்னலோரம் சாய்த்து வைத்துக்கொண்டார்.

இப்போது ஞாயிறுதோறும் விடியக் காலையில் அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போகிறேன். வடகிழக்கு மழை பிடிப்பதற்குள் நீயும் ஒரு வாரம் வாயேன். வரும்போது சென்னையில் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள காட்டன் தாள் பத்து ஷீட் வாங்கிக்கொள். அஞ்சு சாருக்கு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்