அந்த இரண்டு கோடு நோட்டை நீக்குங்கள்

மழலையர் பள்ளித் தாளாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பெரும்பாலும் ஒன்றாம் வகுப்புதான். என் பேத்தி யு.கே.ஜி. படிக்கிறாள், ஐந்து வயது இன்னும் நிறையவில்லை. நேற்று இரவு எட்டரை மணிக்கு, இரண்டு கோடு நோட்டில் ஙகர வரிசையை எழுதிக்கொண்டே தூங்கிப்போனாள். ஙௌ வரை எழுத வேண்டுமாம், ஒவ்வொன்றும் ஐந்து முறை.

ஙௌ வருகிற சொல் ஒன்றைச் சொல்லுங்கள். தங்கம், சங்கு என்பவற்றில் ங் வருகிறது. அங்ஙனம், இங்ஙனம் என்பவற்றில் ங வருகிறது. அந்த வரிசையின் மற்ற எழுத்துகளை அன்றாடச் சொற்களில் அவள் சந்திக்கப் போவதே இல்லை. தமிழுக்கு 247 எழுத்துகள் என்பது நமக்குப் பெருமைதான். அதற்காக அத்தனையையும் எழுதிப் பழகிய பிறகுதான் வாசிப்பு என்று யார் விதித்தது?

அவள் 'அ அணில், ஆ ஆடு' என்று ஃ வரை ராகத்தோடு ஒப்பிக்கிறாள். காலையில் பால் பாக்கெட்டைக் காட்டி, "இது என்ன சொல்?" என்று கேட்டேன். தெரியவில்லை. க், ங், ச் என்பவற்றை 'இக், இங், இச்' என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப் பழகிய குழந்தை 'அம்மா'வை 'அ-இம்-மா' என்று எழுத்துக்கூட்டித் திகைத்து நிற்கும். எழுத்தின் பெயர் வேறு, சொல்லுக்குள் அது தரும் ஒலி வேறு. வாசிப்புக்கு வேண்டியது ஒலி.

நாங்கள் ட, ப, ம என்று தொடங்குவோம். டகரத்துக்கு ஒரு படுகோடும் ஒரு நிமிர்கோடும் போதும். இன்னொரு நிமிர்கோடு சேர்த்தால் பகரம். மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். இன்று மாலை தரையில் சாக்பீஸால் அந்த மூன்றையும் எழுதிக் காட்டினேன். சற்று நேரத்தில் அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டு, "பாட்டி, டப்பா எழுதலாமா?" என்று அவளே கேட்டாள். பகரத்துக்குக் கால் போடுவதை மட்டும்தான் நான் சொல்லித்தர வேண்டியிருந்தது.

நம் எழுத்தில் பொறுமை கேட்கும் இடங்கள் உண்டு. கெ, கே, கை என்பவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் மெய்யின் இரு பக்கமும் குறி. கு, சு, டு, து, நு என உகரம் எழுத்துக்கு எழுத்து உரு மாறுகிறது. என் சிறுவயதில் ணை, லை, ளை, னை எல்லாம் துதிக்கை போன்ற தனிக் கொம்போடு இருந்தன. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் அவற்றை மாற்றியது. சில வடிவங்கள் குறைந்ததே எனக்குப் பின் வந்த பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய உதவி! நீங்களோ நான்கு வயதில் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் திணிக்கிறீர்கள். அந்த வயதில் மணிக்கட்டின் எலும்புகள் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பென்சிலை இறுக்கிப் பிடித்துச் சிவந்துபோன விரல்களை நான் தினமும் பார்க்கிறேன்.

பெற்றோர் கேட்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான், பள்ளி வாசலிலேயே நோட்டைத் திறந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமே எட்டு வயதுக்குள் குழந்தை பொருள் புரிந்து வாசித்தால் போதும் என்றுதான் இலக்கு வைத்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பக் கற்பிக்கவும் வழி செய்தது. எட்டு வயது வரை இருக்கிற அவகாசத்தை நான்கு வயதுக் குழந்தையிடம் ஏன் பறிக்க வேண்டும்?

வரும் ஜூன் மாதம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பட்டியலிலிருந்து அந்த இரண்டு கோடு நோட்டை நீக்குங்கள். மணலும் களிமண்ணும் சாக்பீஸும் கொடுங்கள். நோட்டுகளைத் திருத்துவதில் உங்கள் ஆசிரியை செலவிடும் நேரத்தை மிச்சப்படுத்தி, தினமும் ஒரு கதையை வரியில் விரல் வைத்து அவரை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். என் பேத்தி அப்போது ஒன்றாம் வகுப்புக்குப் போயிருப்பாள். அவள் பின்னால் வருகிறவர்களுக்காகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை