கவர் போட்டும் டேப்பில் கீறல் விழுவது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

நம் கடை வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"கவர் போட்டுத்தானே வச்சிருந்தேன், அப்புறம் எப்படி இத்தனை கீறல்?" என்று கேட்டு டேப்பை (டேப்லெட்டை) கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கியதும் நம் கடையில் கூடிவிடுகிறார்கள். பாதிப் பேர் கவரைத்தான் சந்தேகப்படுகிறார்கள், மீதிப் பேர் டேப் கம்பெனியை. கவுண்டரில் நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கலாம்தான், ஆனால் பின்னால் நாலு பேர் ரீசார்ஜுக்கு நிற்கும்போது பாதியில் விட்டுவிட வேண்டியதாகிறது. அதனால் இந்த மடல்.

நாங்கள் விற்கிற எந்தக் கவரும், பக்கத்துக் கடையில் விற்கிற கவரும்கூட, கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமானது இல்லை. ரெக்சின், சிலிகான், உள்ளே ஒட்டியிருக்கும் மைக்ரோஃபைபர் துணி எல்லாமே கண்ணாடியைவிட மிருதுவானவை. கற்களின் கடினத்தை ஒப்பிட 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் என்பவர் 1 முதல் 10 வரை ஒரு அளவுகோல் வைத்தார், அதில் நம் நகம் சுமார் 2.5, டேப் திரைக் கண்ணாடி ஏறத்தாழ 6. தன்னைவிடக் கடினமான பொருள்தான் ஒன்றைக் கீறும். சாவியும் காசும் திரையில் பட்டால் பதறுகிறோம், பெரும்பாலும் அவற்றால் ஒன்றும் ஆவதில்லை. சாதாரண மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸோ 7. கண்ணுக்கே தெரியாத ஒரு மணல் துகள் கவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டால், நீங்கள் கவரை மூடுகிற ஒவ்வொரு முறையும், பையில் டேப் ஆடுகிற ஒவ்வொரு முறையும், அது கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கோடு போடும்.

அதிலும் நாம் இருப்பது நாகர்கோவிலில். நம் மாவட்டத்துக் கடற்கரை மணலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்க மத்திய அரசின் ஆலையே இருக்கிறது. கறுப்பாகத் தெரிவது இல்மனைட், சிவப்பாகத் தெரிவது கார்னெட், இவற்றோடு சிர்கான், மோனசைட் என்ற தாதுக்களும் கலந்து கிடக்கின்றன. கார்னெட்டின் கடினம் 6.5 முதல் 7.5 வரை, சிர்கான் 7.5. கார்னெட்டை உப்புத்தாள் செய்யவே பயன்படுத்துகிறார்கள், தண்ணீரோடு வேகமாகப் பீய்ச்சி இரும்புத் தகட்டை அறுக்கவும் அதையே போடுகிறார்கள். அப்படிப்பட்ட மணல் உங்கள் கவரின் உள்துணியில் ஒட்டியிருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாரும் துணியும் மணலை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1909 வாக்கில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதையே கண்டுபிடித்தார். நாரில் ஒட்டிய மணல் கடல் தாண்டிப் போயும் உதிரவில்லை! சங்குத்துறையிலோ முட்டத்திலோ மணலில் டேப்பை வைத்துப் பிள்ளைக்கு வீடியோ போட்டுக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், கவரைத் தட்டினீர்கள் என்பதற்காக எல்லாம் விழுந்துவிடாது.

இன்னொன்று, இப்போது வருகிற ஃபிளிப் கவர்களில் திரையை அணைத்து எழுப்புவதற்கும் மூடி நிற்பதற்கும் காந்தம் வைத்திருக்கிறார்கள். நம் கருமணலில் இரும்பு கலந்த துகள்கள் உண்டு, அவை காந்தம் இருக்கிற ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். கீறல்கள் திரையின் ஓரமாகவே வரிசையாக இருந்தால், அதற்கு நேராகக் கவரில் காந்தம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பட்டறையிலோ ஒர்க்ஷாப்பிலோ வேலை செய்கிறவர்களுக்கும் இதேதான், அங்கே மணலுக்குப் பதில் இரும்புத் தூள்.

முதுகுப் பக்கம் வேறு விஷயம். அலுமினிய உடலுள்ள டேப்பில் மேலே நிறமேற்றிய ஓர் ஆக்ஸைடு படலம் இருக்கிறது. படலம் கடினமானதுதான், ஆனால் மிக மெல்லியது, அடியில் உள்ள அலுமினியமோ மிருது. அதனால் மூலைகளில்தான் முதலில் போகும், உள்ளே வெள்ளையாக உலோகம் தெரியும். 360 டிகிரி சுழலும் கவர்களில் நான்கு மூலையிலும் கடினமான பிளாஸ்டிக் கொக்கி இறுக்கிப் பிடிக்கிறது, தூசி அங்கேதான் சிக்கும். அடிக்கடி கவரைக் கழற்றி மாட்டுகிறவர்களுக்கு இந்த வகை வேண்டாம் என்பது எங்கள் கருத்து, கேட்டு வந்தாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்போம். 2011-இல் ஐபேட் 2-க்கு வந்த காந்தக் கவரில் பக்கவாட்டுக் கீல் அலுமினியத்தில் இருந்தது, உலோகமும் உலோகமும் சேருகிற இடம் அது. அடுத்த ஆண்டு ஐபேட் மினிக்கு வந்த கவரில் அந்த உலோகக் கீலையே எடுத்துவிட்டார்கள். எந்தக் கவர் வாங்கினாலும் டேப்பைத் தொடுகிற பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்: பிரஸ் பட்டன், ஜிப் பல், ரிவிட், தூக்கி நிற்கும் தையல் எதுவும் திரைக்கோ முதுகுக்கோ நேராக இருக்கக் கூடாது. எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று ஸ்பிரிங் கொக்கி வைத்து வருகிற கவரைவிட, உங்கள் மாடலுக்கே வந்த கவர் மேல். உள்ளே ஆடாமல் நிற்கிற கவர்தான் குறைவாக உரசும்.

சரி, சுத்தம் செய்வதற்கு வருவோம், பலரும் இதில்தான் தவறுகிறார்கள். தூசி தெரிந்ததும் சட்டை நுனியால் அழுத்தித் துடைக்கிறோம். துகள் மேலே இருக்கும்போது துடைத்தால், கவர் ஒரு மாதத்தில் செய்கிற வேலையை நம் கை ஒரு நிமிடத்தில் செய்துவிடும். முதலில் கவரைக் கழற்றுங்கள். டேப்பைக் கவிழ்த்துப் பிடித்து, கேமராவுக்கு விற்கிற ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள், இல்லையென்றால் நல்ல மிருதுவான பிரஷ்ஷால் அழுத்தாமல் தள்ளிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பஞ்சர் கடையில் காற்று அடிக்கக் கொண்டுபோகவே போகாதீர்கள், அந்த அழுத்தத்தில் தூசி ஸ்பீக்கர் ஓட்டைக்குள் போய்விடும், கம்ப்ரசரிலிருந்து தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். துகள் எல்லாம் போனபிறகுதான் துணி. மைக்ரோஃபைபர் துணியைச் சொட்டாத அளவுக்கு நனைத்து லேசாகத் துடையுங்கள், பிறகு உலர்ந்த துணி.

கவரின் உள்பக்கத்துக்கு செலோ டேப்தான் நல்ல மருந்து. ஒரு துண்டை விரலில் சுற்றி, துணிமேல் ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். காந்தம் இருக்கிற ஓரத்திலும் மடிப்புகளிலும் இரண்டு மூன்று தடவை ஒற்றினால் செலோ டேப்பில் கறுப்பும் சிவப்புமாக ஒட்டி வரும், பார்த்தாலே புரிந்துவிடும். தண்ணீரில் முக்கி ஊற வைக்காதீர்கள், உள்ளே அட்டை இருந்தால் உப்பிவிடும். சிலிகான் கவரைத் தாராளமாகச் சோப்புப் போட்டுக் கழுவலாம், ஆனால் நிழலில் காய வைத்து, நன்றாகக் காய்ந்தபிறகு மாட்டுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் நல்லது, கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே.

நம் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு, ஈரம் குறைவதே இல்லை. இந்த ஈரத்தில் பி.யூ. லெதர் என்று விற்கிற ரெக்சின் ஒன்றிரண்டு வருடத்தில் பொரிந்து உதிர ஆரம்பிக்கும், கையில் பிசுபிசுக்கும். அந்த நிலைமைக்கு வந்த கவரை மாற்றிவிடுங்கள், பிசுபிசுப்பில் மணல் போய் ஒட்டினால் எதைப் போட்டு ஒற்றினாலும் வராது.

கீறல் என்று கொண்டு வருகிற எல்லாம் கீறலும் இல்லை. கவர் மடிப்பு திரையில் படுகிற இடத்தில் கோடு கோடாகத் தெரிவது பெரும்பாலும் கை எண்ணெய்தான், ஈரத்துணியில் போய்விடும். கீபோர்டு கவர் வைத்திருப்பவர்களுக்கு எழுத்துக்கட்டம் அப்படியே திரையில் பதிந்தது போலத் தெரியும், அதுவும் அநேகமாக இதே கதைதான். துடைத்தும் போகவில்லை, நகத்தால் வருடும்போது தட்டுகிறது என்றால் அது கீறல்.

அப்புறம் டெம்பர்ட் கிளாஸ். பெட்டியில் 9ஹெச் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து, மோஸ் அளவில் 9, மணலே ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். அது பென்சில் கணக்கு. வரைபடம் போடுகிறவர்கள் வைத்திருக்கும் 9ஹெச் பென்சிலால் உரசினால் கோடு விழாது, அவ்வளவுதான். மணல் பட்டால் அந்தக் கிளாஸிலும் கீறல் விழும். இருந்தாலும் ஒட்டுங்கள் என்றுதான் சொல்வோம், ஏனென்றால் கீறலை அது வாங்கிக்கொண்டால் அதை மட்டும் உரித்து மாற்றலாம், திரை தப்பும். கவரை மாட்டியபடியே அளவு பார்த்து வாங்குங்கள், கவரின் விளிம்பு கிளாஸ் ஓரத்தை நெம்பினால் இடைவெளி வந்து அங்கேயும் தூசி போகும்.

விழுந்த கீறலுக்கு டூத்பேஸ்ட் தேய்க்கச் சொல்லி வருகிற வீடியோக்களை நம்ப வேண்டாம். கை எண்ணெய் ஒட்டாமலிருக்கத் திரைமேல் போட்டிருக்கிற பூச்சுதான் அதில் முதலில் தேய்ந்து போகும், கீறல் அப்படியே இருக்கும். கண்ணாடியைப் பாலிஷ் போடும் சீரியம் ஆக்ஸைடு தூள் என்று ஒன்று உண்டு, அதற்கான சீரியம் நம் மணலிலுள்ள மோனசைட்டிலும் இருக்கிறது, ஆனாலும் டேப் திரைக்கு அது வேண்டாம். பூச்சு போவதோடு, தேய்த்த இடம் லேசாகக் குழிந்து எழுத்து நெளிந்து தெரியும்.

ஆடி மாதம் முழுக்க, எங்கே வாங்கிய டேப்பாக இருந்தாலும் கொண்டு வாருங்கள், கவரைக் கழற்றி ப்ளோயரால் ஊதி, உள்பக்கம் ஒற்றியெடுத்துத் தருகிறோம், காசு வேண்டாம். காலையில் வந்தால் கூட்டம் இருக்காது, நீங்களே பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். டேப்பில் லாக் போட்டிருந்தால் எடுக்க வேண்டியதில்லை, ஆஃப் செய்து கொடுத்தால் போதும்.