குக்கர் வெடித்தால் தப்பு சமைத்தவர் மேலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குக்கர் வெடித்துப் பெண் காயமடைந்த செய்தியை உங்கள் இதழில் போன வாரம் படித்தேன். ‘கவனக்குறைவாகப் பயன்படுத்தியதால்’ என்று எழுதியிருந்தீர்கள். இந்தச் சொல்லை நானும் கேட்டிருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு எங்கள் வீட்டுக் குக்கரும் வெடித்தது. மூடி பறந்து லாஃப்டில் இடித்தது, துவரம்பருப்பு டியூப்லைட் வரை அப்பிக்கொண்டது. அம்மாவின் முன்கை வெந்துவிட்டது. வாங்கி ஏழே மாதம். கடைக்காரர் மூடியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், “கேஸ்கட் மாத்தினீங்களாம்மா?” என்றார். மாத்தவில்லை என்றதும், “அப்ப விசில்ல அடைப்பு இருந்திருக்கும், நீங்கதான் கழுவணும்.”

சரி, அடைப்பு என்றே வைத்துக்கொள்வோம். விசில் அடைத்துக்கொண்டால் உருகி ஆவியை வெளியே விடத்தானே சேஃப்டி வால்வு? எங்கள் மூடியில் அது உருகாமல் முழுசாக உட்கார்ந்திருந்தது. பெட்டியில் இருந்த தாளில் அதைப் பற்றி ஒரே வரி, பொடி எழுத்தில், இங்கிலீஷிலும் இந்தியிலும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆவது பிரிவைப் பின்னால்தான் படித்தேன். செய்ததில் கோளாறு, வடிவமைப்பில் கோளாறு, இவற்றோடு எப்படிப் பயன்படுத்துவது, எதைச் செய்யக்கூடாது என்று போதுமான அளவு சொல்லாததற்கும் தயாரிப்பாளர் பொறுப்பாம். எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தைச் சொல்லவில்லை என்று வழக்குப் போட முடியாது, அதையும் 87ஆவது பிரிவு சொல்கிறது. ஆவி அடங்குமுன் மூடியைத் திறக்கக்கூடாது என்பது ஊருக்கே தெரியும். வால்வை எப்போது மாற்றுவது என்று எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. தமிழ்நாட்டில் விற்கிற பொருளுக்குத் தமிழில் ஒரு வரி இல்லாதது எப்படிப் போதுமானதாகும் என்பதும் எனக்குப் புரியவில்லை.

இந்தப் பிரிவில் குக்கரின் விலையைக் கேட்க முடியாது. ஆனால் அம்மாவின் கைக்கும் அவர் பட்ட வேதனைக்கும் கேட்கலாம். கோளாறு கண்ணுக்குத் தெரியாவிட்டால் நுகர்வோர் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். நாங்கள்தான் மறுநாளே மூடியோடு சேர்த்துப் பழைய அலுமினியத்துக்கு எடைக்குப் போட்டுவிட்டோமே! புகார் கொடுப்பதற்கான இரண்டு வருடமும் போய்விட்டது.

அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால், சேஃப்டி வால்வு உருகியிருந்ததா என்று உங்கள் நிருபரை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
திண்டுக்கல்