மெக்டவல் கவுண்டியின் வருமானக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்காவின் நிலக்கரி ஊர்களைப் பற்றி வந்த கட்டுரையில், மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சராசரிக் குடும்ப வருமானம் ஒரே ஆண்டில் ஏறிவிட்டது, அங்கே விடிவு வந்துவிட்டது என்று ஒரு வரி இருந்தது. படித்ததிலிருந்து மனசே சரியில்லை. அந்த மலைகளில் 23 வருஷம் வைத்தியம் பார்த்தவன் நான்.

முதலில், அது சராசரி அல்ல, இடைநிலை. எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் வரும் குடும்பத்தின் தொகை. சுரங்க முதலாளி ஒருவர் அங்கே குடிவந்தால் சராசரி எகிறும், இடைநிலை அசையாது. உங்கள் அலுவலகத்தில் இது தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள்.

சரி, அந்த ‘ஒரே ஆண்டு’ எங்கிருந்து வந்தது? இந்த எண்கள் வருவது அமெரிக்கச் சமுதாயக் கணக்கெடுப்பிலிருந்து, அதாவது ஆண்டுதோறும் சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து. 65,000 பேருக்குக் குறைவான கவுண்டிகளுக்கு அதில் வழக்கமான ஓராண்டு மதிப்பீடு கிடையாது. மெக்டவலில் 2020-இல் இருந்ததே 19,111 பேர். அவ்வளவு சிறிய இடத்தில் ஐந்து வருஷத்துப் பதில்களைச் சேர்த்தால்தான் ஓர் எண்ணே தேறும். கட்டுரையில் 2019 என்று போட்டிருப்பது 2015 முதல் 2019 வரையிலான தொகுப்பு. 2018 என்று போட்டிருப்பது 2014 முதல் 2018 வரை. இரண்டுக்கும் நான்கு வருஷம் பொது. இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழும் தொகுப்புகளை ஒப்பிட வேண்டாம் என்று கணக்கெடுப்பு அலுவலகமே சொல்கிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், உண்மைத் தொகை எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சொல்லும் பிழை வரம்பும் அச்சிட்டிருக்கும். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கட்டுரை 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்போடும் ஒப்பிடுகிறது. அதன்படி மெக்டவலின் இடைநிலை வருமானம் 16,931 டாலர். அது 1999-இல் சம்பாதித்தது. விலைவாசி ஏறியதைச் சேர்த்தால் 2019-இல் அதே பொருள்களை வாங்கச் சுமார் 26,000 டாலர் வேண்டும். கட்டுரையோ பழைய எண்ணை அப்படியே புதிய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முன்னேற்றம் என்கிறது.

அந்தச் சமுதாயக் கணக்கெடுப்பின் படிவத்தை என் நோயாளி ஒருவர் மருத்துவமனைக்கே எடுத்து வந்தார். நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டவர். அங்கே அதைக் கறுப்பு நுரையீரல் என்பார்கள். கடந்த 12 மாத வருமானம் எவ்வளவு என்று கேட்கிறது, டாக்டர், என்ன எழுதட்டும் என்றார். அந்த நோய்க்காக வரும் உதவித்தொகை, மனைவியின் ஓய்வூதியம், மகள் எப்போதாவது கையில் கொடுக்கும் பணம், பாதி நாள் தாத்தா வீட்டிலேயே கிடக்கும் பேரன். இருவரும் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கூட்டினோம். நாட்டின் முதல் சோதனை உணவுக் கூப்பன்கள் 1961-இல் தரப்பட்டது இதே கவுண்டியில்தான். ஆனால் உணவு உதவியின் மதிப்பு இந்தக் கணக்கில் வருமானமாகச் சேராது. அவர் வீட்டுச் சாப்பாட்டில் பாதி அந்த உதவியில்தான் வந்தது.

அப்புறம், யாருடைய வருமானம் ஏறியது? 1950-இல் 98,887 பேர் இருந்த கவுண்டி அது. வேலை தேடி வெளியேறியவர்கள் போக மிச்சமிருப்பவர்களைத்தான் இன்று எண்ணுகிறோம். வரிசையின் கடைசியில் நின்றவர்கள் ஊரைவிட்டுப் போனாலோ செத்துப்போனாலோ, இருப்பவர்கள் கையில் ஒரு டாலர்கூடக் கூடாமலே இடைநிலை ஏறும். அப்படிச் செத்துப்போன பலருக்குக் கடைசியாக நாடி பிடித்துப் பார்த்தது நான்.

இது முதல் தடவையும் அல்ல. உங்கள் பத்திரிகையில் அமெரிக்கா என்றாலே கலிபோர்னியாவும் நியூஜெர்சியும்தான். டாலரை எண்பதால் பெருக்கி ரூபாயில் போட்டு, எங்கள் நோயாளிகளையும் லட்சாதிபதிகள் ஆக்கிவிடுவீர்கள். கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்படுவதைப் பற்றி ஆறு வருஷத்துக்கு முன் நான் எழுதிய கடிதத்தில், பிரசவத்துக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போன பெண்ணைப் பற்றிய பத்தியை வெட்டிவிட்டு, பாராட்டி எழுதிய முதல் பத்தியை மட்டும் போட்டீர்கள். முப்பது வருஷமாகச் சந்தா கட்டிப் படிக்கும் வாசகனுக்கு அது வலித்தது என்பதை இன்றுதான் சொல்கிறேன்.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போட்டால் போதும். சராசரி என்பதை இடைநிலை என்று மாற்றி, 2019 என்ற இடத்தில் 2015–2019 என்று போட்டு, பக்கத்தில் அந்தப் பிழை வரம்பையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர்,
மேற்கு வர்ஜீனியா