பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது?

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமையே கிடைத்தது. பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. கார்த்திகை மழை இந்த முறை விட்டபாடில்லை. ஒழுங்கை முழுக்க வெள்ளம், பின்வளவுக் கிணறு கட்டுக்கு அரை முழம் மட்டும் ஏறிவிட்டது. மனுசிக்குக் குளிரோடு முழங்கால் நோவும் கூடிப்போய், இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன். இப்போது பரவாயில்லை. நீ நட்டுவிட்டுப் போன கறுத்தக்கொழும்பான் மா ஆனியில் நன்றாகக் காய்த்தது. முதல் பழத்தை வெட்டும்போது உன் கதைதான் வந்தது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். போரோ அனர்த்தமோ வந்தால் எப்படி ஆயத்தமாக இருப்பது என்று நோர்வே அரசாங்கம் வீட்டுக்கு வீடு அனுப்பிய அந்தச் சின்னப் புத்தகத்தில் உள்ளதை நீ தமிழில் எழுதி அனுப்பியதை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு கிழமைக்குச் சாப்பாடு, தண்ணீர், பற்றரி ரேடியோ, போர்வை, மருந்து, கொஞ்சம் கைக்காசு. எல்லாம் சரிதான். அதை வாசித்த நாள் தொடக்கம் உன் மனுசிக்கு நித்திரை இல்லை என்று எழுதியிருந்தாய். அவள் 90 சண்டை, 95 இடப்பெயர்வு எல்லாவற்றையும் இங்கே இருந்து பட்டவள். நீ 86இலேயே போய்விட்டாய். அவள் பயத்தைச் சும்மா பயம் என்று தட்டிவிடாதே. பக்கத்தில் இருந்து அவளைக் கதைக்க விடு. என்ன வாங்கி வைப்பது என்பதில் உன்னைவிட அவளுக்குத்தான் கூடத் தெரியும்.

போர் அங்கே வரும் என்று நான் சொல்லவில்லை, வரவே கூடாது. ஆனால் நீ கேட்டதால், நாங்கள் பட்டதில் எது உதவியது, எதை முதலே செய்திருக்கலாம் என்று இந்த மூன்று நாளாக யோசித்துப் பார்த்தேன்.

90 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு கரண்ட் போனது. பிறகு எத்தனையோ வருஷம் வரவில்லை. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், உரம் என்று ஒவ்வொன்றாகத் தடை. லாம்பு எரிக்க எண்ணெய் கட்டாது என்று ஜாம் போத்தல் விளக்கு வந்தது. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள் கோத்த திரி. சின்ன மொட்டுப் போல எரியும். அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்து யூனிவர்சிற்றி போனது. உடுப்புத் தோய்க்கப் பனம்பழக் களி. ரேடியோவுக்கு பற்றரி இல்லாததால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்துப் பிபிசி தமிழோசை கேட்போம். சுற்றுகிற வேகம் குறைந்தால் அறிவிப்பாளரின் குரல் அமுங்கும். "சுத்தடா, சுத்தடா" என்று திண்ணையில் இருக்கிற கிழவர்கள் எல்லாரும் கத்துவார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் புத்தகத்தில் உள்ள ரேடியோவை முதலில் வாங்கு. கையால் சுற்றிச் சார்ஜ் பண்ணுகிறதாய் இருந்தால் இன்னும் நல்லது. செல்போன் கோபுரம் விழுந்தால் உன் போன் வெறும் ரோச் லைற்தான். செய்தி இல்லாத இடத்தில் வதந்திதான் ஓடும். வதந்தியை நம்பி ஷெல் விழுகிற பக்கமே ஓடிப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள், வீட்டுக்கு வீடு கிணறு. நீங்கள் குழாயைத் திறந்தால் வருகிற ஊரில் இருக்கிறீர்கள். ஆளுக்கு 20 லீற்றர் என்று போட்டிருந்ததாக எழுதினாய். அதைக் குறைக்காதே. இடம்பெயர்ந்து போன இடங்களில் ஷெல்லுக்குத் தப்பின பிள்ளைகளை வயிற்றோட்டம் வாட்டியது. சுத்தமா என்று தெரியாத தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆற்றித்தான் குடிக்க வேண்டும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பக்கற் இல்லாவிட்டால், ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இதை அவள் மறந்திருக்க மாட்டாள், கேட்டுப் பார்.

சாப்பாட்டுக்கு எங்களுக்குக் கைகொடுத்தது பனைதான். ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பிளேன்ரீக்குப் பனங்கட்டி. அம்மா எப்போதும் ஒரு ரின் நிறையப் பொரிமா வைத்திருந்தார். அடுப்பு மூட்ட முடியாத நாளில் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் போட்டுக் குழைத்துத் தந்தால் பிள்ளைகள் அழாது. நீயும் அடுப்பு இல்லாமல் தின்னக் கூடியதாகப் பார்த்து வை. உங்கள் ஊரில் குளிர்தான் பெரிய எதிரி. கரண்ட் போனால் எல்லாரும் ஒரே அறையில் படுங்கள். ஆனால் குளிர் என்று மூடிய அறைக்குள் கரி அடுப்போ, வெளியில் பாவிக்கிற காஸ் அடுப்போ கொழுத்திவிடாதே. அதில் வருகிற நச்சு வாயுவுக்கு மணம் இல்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். அயடின் குளிசையும் அப்படித்தான், பயத்தில் எடுத்துப் போடுகிற சாமான் இல்லை. அது 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கிற தாய்மாருக்கும். அதுவும் அரசாங்கம் சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும்.

இனி பங்கர், அதுதான் பதுங்குகுழி. நீ இருந்த காலத்தில் இது இல்லை. 90இல் கோட்டையைச் சுற்றிச் சண்டை, மேலே பொம்மர், ஹெலி, அப்புறம் சகடை. சகடை என்றால் சாமான் ஏற்றுகிற பிளேன், அதிலிருந்து பீப்பாக் குண்டைத் தள்ளிவிடுவார்கள். ஐயா எங்கள் வளவில் ஒரு பங்கர் வெட்டுவித்தார். கொக்குவிலில் ஆறடிக்குக் கீழே சுண்ணாம்புக் கல் தட்டும், மாரியில் தண்ணீர் ஊறும், அதனால் பாதி நிலத்துக்குக் கீழே, பாதி மேலே. ட வடிவில் வெட்ட வேண்டும் என்று மேசன் பிடிவாதமாக நின்றார். நேராக வெட்டினால் வாசலில் விழுகிற ஷெல்லின் சிதறல் நேரே உள்ளே வரும், ஒரு முடக்கு இருந்தால் மண்ணில் குத்திவிடும். மேலே பனங்குற்றி நெருக்கி அடுக்கி, அதற்கு மேல் யூரியாப் பையில் மண் நிரப்பி மூன்று வரி.

நல்ல பங்கர்தான். ஆனால் நடுவில் சில மாதம் எங்கள் பக்கம் அமைதியாக இருந்தது. ஐயா அதற்குள் விறகு அடுக்கினார். பிறகு ஒரு வாழைக்குலையைப் பழுக்கப் போட்டார். ஒருநாள் காலை பத்து மணிபோல பொம்மர் திடீரென்று தலைக்கு மேல் இறங்கிவிட்டது. எட்டுப் பேர் பங்கர் வாசலில் நிற்கிறோம், உள்ளே போக இடம் இல்லை. நான் விறகை அள்ளி வெளியே எறிகிறேன், அம்மா பிள்ளைகளை நிலத்தில் குப்புறத் தள்ளுகிறார். இரண்டு வளவு தள்ளித்தான் குண்டு விழுந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி கடைசியாக நின்றவர். அவருடைய கெண்டைக்காலில் ஒரு சிதறல் கிழித்துவிட்டது.

சீலை முழுக்க இரத்தம். எனக்குக் கை ஓடவில்லை. அடுத்த ஒழுங்கைப் பெடியன் ஒருவன் முதலுதவி பழகியவன், ஓடி வந்து என் சாரத்தைக் கிழித்துச் சுருட்டிக் காயத்தில் வைத்து, தன் முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினான். நான் நின்றுவிட்டதா என்று பார்க்கத் துணியைத் தூக்கப் போனேன். "எடுத்துப் பார்க்காதேங்கோ அண்ணை, எடுத்தால் திரும்ப ஓடும்" என்றான். அந்தத் துணி ஊற ஊற அதற்கு மேலேயே இன்னொரு துணி வைத்தான். ஆச்சி பிழைத்தார், 12 வருஷம் நொண்டி நொண்டி நடந்து திரிந்தார். உங்கள் ஊரில் முதலுதவி வகுப்பு இருக்கும்தானே? குடும்பமாகப் போங்கள். ஒரு நாள்தான் செலவாகும். அலுமாரி நிறைய வாங்கி வைக்கிற சாமானைவிட அது பெரிது.

பங்கர் உங்களுக்கு வேண்டாம், பொதுப் புகலிடங்கள் உண்டு என்று எழுதியிருந்தாய். வருஷத்தில் இரண்டு தரம் சைரன் ஊதிப் பார்க்கிறார்களாமே, அந்த நாளில் ஒருமுறை வீட்டில் இருந்து புகலிடம் வரைக்கும் நடந்து பார். கதவு திறக்கிறதா, உள்ளே யாராவது சைக்கிளும் பழைய தளபாடமும் அடுக்கியிருக்கிறார்களா என்றும் பார். போக நேரமில்லை என்றால் ஜன்னலுக்குக் கிட்ட நிற்காதீர்கள். வெளிக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு சுவர் இருக்கட்டும். நிலத்தோடு படுத்து, தலையை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இது வாய்ப்பாடு மாதிரிப் பாடம்.

இன்னொன்று, மனதுக்குக் கஷ்டமான விஷயம். கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம் என்றால் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நாங்கள் முழுதாக நம்பினோம். 1995 ஆடி 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அப்படி நம்பி ஒதுங்கின சனத்தின் மேல் குண்டு விழுந்து நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். 49ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை பொதுசனத்தைத் தொடக் கூடாது என்றுதான் சொல்கிறது. அந்தச் சட்டம் வேண்டும், அதை மீறினவர்களை அந்தச் சட்டத்தின் முன்னால்தான் நிறுத்த வேண்டும். ஆனால் விமானம் மேலே நிற்கிற நேரத்தில் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே நெருக்கியிருக்காதீர்கள்.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

95 ஐப்பசி 30 பின்னேரம். எங்கள் பகுதியான வலிகாமத்தை விட்டு உடனே வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். எங்களிடம் பை ஆயத்தமாக இருந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, பாங்குப் புத்தகம் எல்லாம் இரண்டு சொப்பிங் பைக்குள் போட்டு முடிந்து, அம்மாவின் கலியாணப் படம் ஒன்று, மாற்று உடுப்பு, பொரிமா ரின். இன்றைக்கு எந்தப் புத்தகம் சொல்கிறதோ அதெல்லாம் இருந்தது. ஆனால் போவதா இல்லையா என்று ஐயாவோடு இரண்டு மணித்தியாலம் சண்டை. "நான் என்ர வளவை விட்டு வரமாட்டன்" என்று சாய்மனைக் கதிரையில் இருந்துவிட்டார். அவரைக் கிளப்பிக் கொண்டு வெளிக்கிடும்போது இருட்டிவிட்டது.

செம்மணி வீதி உனக்குத் தெரியும், இரண்டு பக்கமும் வெளி. அந்த ஒற்றை வீதியில் வலிகாமச் சனம் முழுக்க. ஐந்து லட்சம் பேர் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். மழை. கால் எடுத்து வைத்தால் அடுத்த காலுக்கு ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். சைக்கிளில் மூட்டை, மூட்டைக்கு மேல் அம்மம்மா. அண்ணரின் மூத்தவனுக்கு ஒன்பது வயது. சைக்கிள் கரியரைப் பிடித்துக்கொண்டு வா என்று சொல்லியிருந்தேன். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட நெரிசல். திரும்பிப் பார்த்தேன், கரியரில் கை இல்லை.

இரண்டு நாள் மச்சான். அண்ணி வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கவில்லை. நாங்கள் பாலத்துக்குத் திரும்பிப் போய்த் தேடுகிறோம். அவன் நாங்கள் முந்திப் போய்விட்டோம் என்று நினைத்துச் சாவகச்சேரிப் பக்கம் சனத்தோடு போயிருக்கிறான். மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு இருந்து சோறு தின்கிறான். அந்த அம்மா கேட்டிருக்கிறா, அப்பாவின் பெயர் என்ன, வீட்டு விலாசம் என்ன என்று. வீட்டில் கூப்பிடுகிற பெயர்தான் அவனுக்கு வாயில் வந்தது. முழுப் பெயரும் விலாசமும் எழுதின பிறப்புச் சான்றிதழ் என் தோளில் தொங்கின பையில், மழை படாமல் பத்திரமாக இருந்தது.

பிரிந்தால் எங்கே நிற்பது என்று ஒரு வசனம் முதலே பேசியிருந்தால் அந்த இரண்டு நாள் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் எங்கே போனாலும் வெளிக்கிட முதல் இரண்டு இடம் சொல்லி வைப்போம். கிட்டவாகப் பிரிந்தால் இது, தூரமாகப் பிரிந்தால் அது. பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் பெயர், விலாசம், இரத்த வகை எழுதின துண்டு ஒன்றைப் பொலித்தீனில் சுற்றி வைத்தோம்.

96இல் வீடு திரும்பினபோது கூரையில் பாதி இல்லை. பெரிய பயம் மிதிவெடி. சனம் நடந்து பழகின பாதையை விட்டு இறங்காதே, நிலத்தில் மினுங்குகிற எதையும் தொடாதே என்று பிள்ளைகளுக்கு நாளாந்தம் சொன்னோம். அது வேறு கதை, அடுத்த முறை எழுதுகிறேன்.

உன் மகள் துரொண்ட்ஹைமில் படிக்கிறாள், மகனுக்கு ராவேலை, நீங்கள் இரண்டு பேரும் ஒஸ்லோவில். நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரே வீட்டில் இருக்கப் போவதில்லை. வருகிற ஞாயிறு எல்லாரையும் போனில் பிடித்துக் கதை. ஒஸ்லோவுக்குள் ஒரு இடம், வெளியே ஒரு இடம். வயதான அயலவர் ஒருவர் தனியே இருக்கிறார் என்றாயே, அவரை யார் கூட்டிக்கொண்டு வருவது என்றும் பேசுங்கள். சண்டை பிடிக்க வேண்டி இருந்தால் இப்போதே பிடியுங்கள், கதவடியில் நின்று பிடிக்கக் கூடாது. உள்ளூரில் லைன் நெருக்கமாக இருக்கிற நேரம் வெளிநாட்டு லைன் சில வேளை கிடைக்கும். அதனால் நாட்டுக்கு வெளியே உள்ள ஒருவருக்கு நாலு பேரும் தாங்கள் இருக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஆளாக என்னைப் போடு. என் நம்பரைப் பிள்ளைகள் போனில் மட்டும் வைக்காமல் கடுதாசியில் எழுதிக் காசுப் பையில் வைக்கட்டும். எந்த நேரமென்றாலும் எடுப்பேன், போனைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறேன்.

மகளுக்கு என்னைத் தெரியாது என்று கூச்சப்படுவாள். 2019இல் வந்தபோது கிணற்றடியில் நின்று தண்ணீர் அள்ளப் பழக்கினேன் என்று சொல், ஞாபகம் வரும்.

எந்த இரண்டு இடம் என்று எனக்கு எழுது. இங்கே கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்