பிராக்ரஸிவ் கண்ணாடியை அளவு தப்பிப் பொருத்தியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
இணையவழி மூக்குக்கண்ணாடி விற்பனை நிறுவனம், சென்னை.

ஐயா / அம்மையீர்,

பொருள்: பிராக்ரஸிவ் லென்ஸை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்.

உங்களிடம் வாங்கிய பிராக்ரஸிவ் கண்ணாடியில் (மேலே தூரப் பவரும் கீழே படிக்கும் பவருமாகப் படிப்படியாக மாறும் லென்ஸ்) தூரம் நன்றாகத் தெரிகிறது, படிக்கத்தான் முடியவில்லை. கேட்டால், "புதுக் கண்ணாடி, இரண்டு வாரத்தில் பழகிவிடும்" என்கிறார்கள். இது பழகிச் சரியாகும் கோளாறு அல்ல.

சீட்டில் உள்ள பவர்: வலது −4.50, இடது −5.00, இரண்டுக்கும் அடிஷன் (படிப்பதற்காகத் தூரப் பவரோடு கூட்டும் பவர்) +2.00. லென்ஸின் கீழ்ப்பகுதியில் −2.50, −3.00 கிடைக்க வேண்டும். பிரேமில் கண்மணிக்கு நேர் எதிரே உள்ள புள்ளியிலிருந்து கீழ் விளிம்பு வரை இருப்பது 14 மி.மீ. மட்டுமே. போட்டிருக்கும் லென்ஸுக்கோ குறைந்தது 18 மி.மீ. வேண்டும் என்று அதன் உறையிலேயே அச்சாகியிருக்கிறது. முழு ரீடிங் பவர் வரும் இடம் பிரேமுக்காக வெட்டப்பட்டுவிட்டது. நாடியைத் தூக்கி அடிவிளிம்பு வழியாகப் பார்த்தாலும் மாத்திரை அட்டையின் தேதி மங்கல்தான்.

அடுத்தது பி.டி., அதாவது இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம். லென்ஸில் ஊதி ஆவி படியவிட்டால் 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு நுண்வட்டங்கள் தெரியும். காதுப்பக்க வட்டத்தின் கீழ் 20 என்று பொறித்திருப்பதால் அடிஷனில் தவறில்லை. ஆனால் வட்டங்களின் நடுப்புள்ளியைக் குறித்து மூக்கின் மையத்திலிருந்து அளந்தால் இரு பக்கமும் 31.5 மி.மீ. வருகிறது. கண்மணித் தூரத்தை அளக்கும் பியூப்பிலோமீட்டர் கருவியில் எடுத்த உண்மையான அளவு வலது 30, இடது 33. கூட்டினால் 63 சரிதான். உங்கள் ஆர்டர் படிவம் அந்த ஒரே எண்ணைக் கேட்டு இரண்டால் வகுத்துவிடுகிறது. ஒற்றைப் பவர் லென்ஸானால் இது உறுத்தியே இருக்காது. பிராக்ரஸிவில் 1 மி.மீ.க்கு மேல் பிசகக் கூடாது. இங்கே இரண்டு லென்ஸிலும் படிக்கும் வழி 1.5 மி.மீ. வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. தலையை இடப்பக்கம் திருப்பிக் கண்ணை வலமாக ஓட்டினால்தான் எழுத்து கொஞ்சமாவது தெளிவதற்கு இதுவே காரணம்.

உங்கள் ஆலோசகர்கள் சொன்ன மாற்று வழிகளையும் குறிப்பிட வேண்டும். "மைனஸ் (கிட்டப்பார்வை) உள்ளவர்களுக்கு வெள்ளெழுத்து வராது, ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும்" என்றார் ஒருவர். கிட்டப்பார்வைக்குப் பெரும்பாலும் கண்கோளத்தின் நீளம் காரணம். வெள்ளெழுத்து, அதாவது வயதானால் கிட்டத்தில் படிக்க முடியாமை, கண்ணுக்குள் உள்ள லென்ஸ் இறுகுவதால் வருவது. ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. −2.50 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 40 செ.மீ.யில் சுகமாகப் படிக்கலாம். −5.00 கண்ணுக்கு அந்தத் தூரம் 20 செ.மீ.; செய்தித்தாளை முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். கடையில் விற்கும் +2.00 ரீடிங் கண்ணாடி வாங்கச் சொன்னார் இன்னொருவர். வெறும் கண்ணில் அதைப் போட்டால் −4.50 கண்ணுக்கும் தெளிவு ஏறத்தாழ 15 செ.மீ.க்குள் சுருங்கிவிடும்! தூரப் பவர் காண்டாக்ட் லென்ஸுக்கு மாறினாலும் சிரமம் கூடும். கண்ணாடியை விட அதில் மைனஸ்காரரின் கண் கிட்டத்தில் அதிகம் குவிய வேண்டும்.

ஆகவே நோஸ் பேடையும் காதுக் கம்பியையும் முகத்துக்குப் பொருத்தி முடித்த பிறகு, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே பி.டி.யும் உயரமும் எடுத்து, கட்டணமின்றி லென்ஸை மாற்றித் தாருங்கள். 14 மி.மீ.க்கு ஏற்ற குட்டை காரிடார் லென்ஸ் (தூரப் பவரிலிருந்து படிக்கும் பவருக்கு இறங்கும் வழி குட்டையானது) இந்த பிரேமில் உட்காரும். ஆனால் கம்ப்யூட்டர் தூரத்துக்கான பகுதி குறுகிவிடும் என்பதால் உயரமான பிரேமே மேல். இல்லையேல் முழுத் தொகையும் திரும்ப வேண்டும்.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்திலும் முறையிடப்படும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, பவர் சீட்டு, லென்ஸ் உறை ஆகியவற்றின் நகல்கள், அளவு குறித்த லென்ஸின் படம்.