நுரையெல்லாம் சரிதான், மீனா

சென்னை

அன்புள்ள மீனா,

டாக்டர் பீரை நிறுத்தச் சொன்னதும் நீ ம்யூனிக்கிலிருந்து, "ஆல்கஹால் இல்லாததைக் குடிங்கப்பா, வித்தியாசமே தெரியாது" என்றாய். தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வாங்கியது மால்ட் பானம். தி.நகர் சூப்பர் மார்க்கெட்டில் மாம்பழ ஜூஸுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். டாஸ்மாக் கூட்டத்தில் இடிபடாமல், பருப்பு புளியோடு பில் போட்டு வாங்கி வருவது தனி சுகம்தான். வீட்டில் மூடியைத் திறந்ததும், "யாருக்கு இப்போ ஹார்லிக்ஸ்?" என்றாள் உன் அம்மா. அவள் மூக்கு தப்பாது. ஹார்லிக்ஸிலும் இருப்பது மால்ட், அதாவது முளைகட்டிய பார்லிதானே. அதை வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் இனிப்புச் சாற்றில் ஈஸ்ட் போட்டால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும், அது பீர். புளிக்கவிடாமல் கேஸ் ஏற்றி அடைத்தால் இந்தப் பானம். சர்க்கரை அப்படியே தங்கிவிடுவதால் நாக்கில் முதலில் ஏறுவது இனிப்பு. கசப்பு எங்கோ பின்னால் தயங்கி நிற்கிறது. குடித்து முடித்தால் உதடெல்லாம் பிசுபிசுப்பு. என் சுகருக்கு இது ஆகாது, லேபிளைப் பார்த்தேன்.

நீ சொன்ன, லேபிளில் ஆல்கஹால் '0.0' என்று போட்ட பீர் வேறு ரகம். அதைப் பீராகவே காய்ச்சிவிட்டு, அப்புறம் காற்றழுத்தத்தைக் குறைத்து, அதிகச் சூடு காட்டாமல் ஆல்கஹாலை மட்டும் ஆவியாக்கி எடுக்கிறார்கள். (உங்கள் ஜெர்மனியில் 0.5 சதவீதத்துக்குள் இருந்தாலே 'ஆல்கஹால் இல்லாதது' என்று போட்டுக்கொள்ளலாமாமே? டாக்டரிடம் இதைச் சொல்லப் போவதில்லை.) நிறம், நுரை, ஹாப்ஸ் என்ற பூ தரும் கசப்பு எல்லாம் சரியாக இருக்கிறது. முதல் மடக்கில் நான் ஏமாந்தேன். அடுத்ததில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. பீருக்குக் கனம் கொடுப்பதும், தொண்டையில் இறங்கும்போது லேசாகச் சுடுவதும் ஆல்கஹால்தான். அது போனதும் தண்ணியாக இறங்குகிறது. ஆவியோடு பழவாசனையும் பாதி கிளம்பிவிடுகிறது. மிஞ்சுவது தானியம் வெந்த வாசனை; அதை அமுக்கி வைக்க ஆல்கஹால் இல்லையென்றதும் தூக்கலாக வருகிறது.

ஆனால் ஒன்று. பல் கூசும் அளவு குளிரவைத்து, மிளகு தூக்கிப் போட்டு வறுத்த நெத்திலியோடு குடித்தால் இந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. கொஞ்சம் ஆறவிட்டாலும் போச்சு. மே மாதத்தில் நம் மொட்டைமாடியில் அது எத்தனை நிமிஷம் தாங்கும், நீயே சொல்.

ஆக, பழக்கத்தை விட்டவனுக்கு 0.0 போதும். மால்ட் பானத்தையும் குளிர்பானம் என்று நினைத்துக் குடித்தால் குறை சொல்ல மாட்டேன். பீருக்குப் பதில் என்று கையில் கொடுத்தால்தான் எரிச்சல் வருகிறது. மிச்சமிருந்த பாட்டில்களை அம்மா எடுத்துக்கொண்டாள், அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அங்கே ஆல்கஹால் இல்லாத கோதுமை பீர் கொஞ்சம் கனமாக இருக்கும் என்றாயே, டிசம்பரில் வரும்போது இரண்டு பாட்டில் கொண்டு வா. துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வை. கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கினாலும் பிடுங்கிக்கொள்வார்கள்.

அன்புடன்,
அப்பா